பதினாறாவது பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதற்காக டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒன்று இரத்த அழுத்தத்துக்கு, மற்றது அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருப்பதற்கு. நோய்க்குக் காரணம் பஞ்சாலை என்கிற அம்மாள் என்று அட்டையில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். டாக்டர் சிரித்தாரே தவிர எழுதவில்லை.

சிரம்பானை ஒட்டிய ராசாவில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் கழகம் இருக்கிறது. முழுப்பெயர் வட்டாரப் பொருளாதார மேம்பாட்டு வேலைவாய்ப்புக் கழகம். லாபம் பார்க்காத அமைப்பு. தோட்டங்களில் மிச்சமிருக்கும் நம் ஆட்களுக்கு ஊரை விட்டு ஓடாமலேயே வேலை கிடைக்க வேண்டும், கைத்தொழில் தெரிந்தவர்கள் சின்னதாக ஏதாவது தொடங்க வேண்டும், பக்கத்தில் வரும் தொழிற்சாலைகள் பக்கத்தில் இருப்பவர்களை முதலில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் நோக்கம். நோக்கத்தை நான் மிக நன்றாக எழுதுவேன். அதை நடத்திக் காட்டுவது பஞ்சாலையின் வேலை.

ஆறு வருஷத்துக்கு முன்பு களப்பணிக்கு ஆள் தேடியபோது நான்கு பட்டதாரிகள் நேர்காணலுக்கு வந்திருந்தார்கள். ஐந்தாவதாக வந்த பஞ்சாலை, எனக்கு எதிரே இருந்த நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல் கேள்வியையும் அவரே கேட்டார். பெடாஸ் பக்கம் எனக்கு எந்தெந்தத் தோட்டம் தெரியும் என்று. வரைபடத்தில் பார்த்து வைத்திருந்த மூன்று பெயர்களைச் சொன்னேன். அதில் இரண்டு வீடுகள் கட்டித் தாமான் ஆகிப் பத்து வருஷம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு, என் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தார். ஆட்களின் பெயர்ப் பட்டியலை எழுதுகிற குமாஸ்தாவுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அதைச் சொன்னதும் பஞ்சாலை என்னை மேலும் கீழும் பார்த்து, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்றார். அன்றிலிருந்து இன்றுவரை யோகேந்திரன் என்று என் அப்பா வைத்த பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் மேலாளர், அவர் எனக்குக் கீழே வேலை செய்கிறவர் என்பது எங்கள் கழகத்தின் அமைப்பு விளக்கப்படத்தில் மட்டும் இருக்கிறது.

பஞ்சாலை பிறந்தது பெடாஸுக்கு உள்ளே பாலத்துத் தோட்டத்தில். பதினான்கு வயதில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனார். ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது புல்வெட்டும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். அந்தத் தோட்டத்தில் வேறு பெண் மண்டோர் இருந்ததில்லை. ஆண் மண்டோர்கள் கையில் பிரம்பு வைத்திருந்தார்கள், பஞ்சாலைக்குக் குரலே போதுமானதாக இருந்தது. அந்தக் குரலை நான் தொலைபேசியில் கேட்கும்போது கருவியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பேன். பிறகு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் கூட்டத்தைத் தோட்டம் கலைத்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் நாற்பது குடும்பம் மட்டும் தங்கிப்போனது. ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, மண்டோர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி எங்கள் மாடிப்படி ஏறினார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

போன வருஷம் நீலாயில் ஒரு உணவுத் தொழிற்சாலை, சோமாசி மாதிரி மடித்த கறிபாப்பைக் குளிரில் உறைய வைத்து விற்கிற இடம், பாலத்துத் தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேரை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அந்தச் சம்மதத்துக்காக நான் எட்டு மாதம் கடிதம் எழுதினேன். தொழிற்சாலையே வேன் அனுப்பும். வேனில் பதினைந்து இருக்கை. அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் சட்டப்படி குற்றம்.

பஞ்சாலை கொண்டுவந்த பட்டியலில் பதினாறு பெயர் இருந்தது. நான் சிவப்புப் பேனா எடுத்துக் கடைசிப் பெயரை அடித்தேன். அது திலகா என்கிற பெண்ணின் பெயர். முப்பது வயது, புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், எப்போதாவது வீட்டுக்கு வருவான், எப்போதாவது ஏதாவது அனுப்புவான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது பதினைந்து இருக்கை என்பது மட்டும்தான்.

“சீட்டு பதினஞ்சுதான் கிராணி, ஒத்துக்கிறேன். அதுக்காவ பதினாறாவது ஆளு காத்தாவா போயிரும்?” என்று பஞ்சாலை கேட்டார்.

அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றேன். அரசாங்கத்திலும் கழகங்களிலும் இந்த வாக்கியம் நன்றாக வேலை செய்யும். பஞ்சாலை மறுபேச்சுப் பேசாமல் பட்டியலை எடுத்துக்கொண்டு போனார். அவர் மறுபேச்சுப் பேசாதபோது நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான் வந்தது.

வேன் ஐந்தே முக்காலுக்குப் பாலத்துக் கோயில் பக்கம் வந்து நிற்கும். ஓட்டுநர் ஹார்ன் அடித்தால் போதும், ஆட்கள் ஏறிக்கொள்வார்கள். பஞ்சாலை அதை ஏற்கவில்லை. தோட்டத்தில் விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். பஞ்சாலை வேனுக்கும் பெரட்டு எடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகம், காதில் ஒரு பென்சில். பெயரைக் கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு தரம் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார், அன்றைக்கு உங்களுக்கு வேன் கிடையாது, நீங்கள் வேன் படிக்கட்டில் காலை வைத்துக்கொண்டு நின்றாலும் கிடையாது. ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததில் பெயர் போய்விட்டது, அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அதன் பிறகு பாலத்துத் தோட்டத்தில் ஐந்தே முக்காலுக்கு யாரும் கொட்டாவி விட்டதில்லை. ஓட்டுநரும் தன் பெயரைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று கீழே இறங்கி நிற்பார் என்று கேள்வி.

ஒரு வருஷம் ஓடிற்று. வேலைக்குச் சேர்ந்த பதினைந்து பேரும் வேலையில் இருந்தார்கள். எங்கள் துறையில் இது அதிசயம். மூன்றாவது மாதம் பாதிப் பேர் நின்றுவிடுவதுதான் வழக்கம், அதற்கு நான் ‘எதிர்பாராத சமூகக் காரணிகள்’ என்று ஒரு பத்தி எழுதித் தயாராகவே வைத்திருப்பேன். இந்த வருஷம் அந்தப் பத்தி வீணாயிற்று.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி புவான் ரொஹானா என்கிற அம்மையார் என்னைப் போனில் கூப்பிட்டார். என் ஆட்களில் ஒருவர் ஒரு வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லையாம். அறுநூறு பேர் வேலை செய்கிற இடத்தில் வேறு யாரும் அப்படி இல்லையாம். பெரிய டிவி ஒன்று பரிசு, வருகிற சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் விழா. பெயர் தனலெட்சுமி.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தனலெட்சுமியை எனக்குத் தெரியும். புருஷன் முனியாண்டிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், கூடவே ஒருவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போயிருக்கிறார். ஆண்டறிக்கைக்காக அன்றைக்கே இரண்டு பக்கக் கட்டுரை எழுதினேன். எங்களுக்கு நிதி கொடுக்கும் அறவாரியத்தின் பிரதிநிதியை விழாவுக்கு அழைத்தேன். வாரத்தில் மூன்று நாள் சிரம்பானில் இருக்கிறவர் அதே மூன்று நாளும் நீலாயில் எப்படி இருந்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாலைக்குச் செய்தி சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. கண்ணு பட்டுவிடும், வேண்டாம் என்றார். தொழிற்சாலைக்குக் கண் கிடையாது என்றேன். வீட்டில் நோயாளி இருக்கும்போது மேடை ஏறுவது நன்றாக இருக்காது என்றார். நோயாளி பார்ப்பதற்குத்தானே டிவி என்றேன். தனம் ரொம்பக் கூச்சப்படுகிற பெண், மேடையில் மயங்கி விழுந்துவிடும் என்றார். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அது இன்னும் அசிங்கம் என்றார். வியாழக்கிழமை வந்து, சனிக்கிழமை நாள் சரியில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் ஆட்கள் முன்னுக்கு வருவதை நம் ஆட்களே பொறுத்துக்கொள்வதில்லை என்று மோட்டார் பட்டறை வரை கேட்கும்படி கத்தினேன். கீழே ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஞ்சாலை வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை எதிர் நாற்காலியில்.

“தனம் பாதி நாளுதான் வேலைக்குப் போச்சு கிராணி. மீதிப் பாதி திலகா போச்சு.”

“எந்தத் திலகா?”

“நீங்க செவப்பு மையில அடிச்ச திலகா.”

செவ்வாய், வியாழன், சனி முனியாண்டிக்கு இரத்தம் சுத்தம் செய்கிற நாள். திங்கள், புதன், வெள்ளி தனலெட்சுமி வேனில் ஏறுவார். மற்ற மூன்று நாளும் அதே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திலகா ஏறுவாள். பெரட்டில் ‘தனலெட்சுமி’ என்று பஞ்சாலை கூப்பிட, திலகா ‘இருக்கேன்’ என்பாள். தொழிற்சாலைக்குள் எல்லாரும் தலையில் வலைத்தொப்பி, வாயில் மாஸ்க், வெள்ளை அங்கி. வெளியே தெரிவது கண் மட்டும். வாசலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும், கதவு முகம் பார்ப்பதில்லை. சம்பளத்தை இருவரும் சரிபாதி பிரித்துக்கொண்டார்கள், சண்டை ஒன்றும் இல்லை.

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். இது ஆள்மாறாட்டம், போலீஸ் வரை போகும், பதினைந்து பேர் வேலையும் போகும், வேன் நிற்கும், கழகத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்றெல்லாம் சொன்னேன். பஞ்சாலை, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டார்.

பிறகு அவர் விளக்கினார். குற்றம் செய்தவர் மாதிரி இல்லை, தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை மரம் உண்டு, அதை நிரை என்பார்கள். நிரை யார் பெயரில் இருக்கிறது என்பது ஆபீஸ் புத்தகத்துக்குத்தான். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் தங்கச்சி போவாள், மகள் போவாள், பக்கத்து வீட்டுக்காரி போவாள். மண்டோர் அதே பெயருக்கு எதிரே குறி போடுவார்.

“நெரை நிக்கக் கூடாது, அவ்வளவுதான்லா சட்டம். நின்னிச்சா சொல்லுங்க. ஒரு வருசத்துல ஒரு நாள் நின்னிச்சா?”

நிற்கவில்லை. அதுதான் இப்போது சிக்கலே. பாதி நாளாவது ஒழுங்காக லீவு போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“திலகாவும் போவ முடியாத நாளுல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பஞ்சாலை சன்னல் பக்கம் பார்த்தார். திலகாவுக்கு டெங்கி வந்தபோது நான்கு நாள் தானே போனதாகச் சொன்னார். நான் அவருடைய களப்பணிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு நாளுக்கும் ‘தொழிற்சாலை நேரடி ஆய்வு’ என்று எழுதியிருந்தது. அதைப் பாராட்டி ஓரத்தில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கோபம் தீர நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பேன். ஆனால் பஞ்சாலை அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் அவர் அம்மாவைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. ராக்காயி என்று ஒருத்தி செத்துப்போன பிறகு, அவளுடைய நிரையைப் பஞ்சாலையின் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். புத்தகத்தில் பெயரை மாற்றக் கிராணிக்கு நேரமில்லை. பதினோரு வருஷம் ராக்காயி பெயரிலேயே மரம் வெட்டினார். தோட்டம் முழுக்க அவரை ராக்காயி என்றே கூப்பிட்டது. வயதான காலத்தில் சேமநிதி கேட்கப் போனபோது அந்தப் பதினோரு வருஷமும் அவர் எங்கேயும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது.

“ஆஸ்பத்திரியில நர்ஸ் அவங்க சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. சின்னப்பொண்ணுன்னு. ரெண்டு தரம் கூப்புட்டு அடுத்த ஆளுக்குப் போயிருச்சு. எங்கம்மா பெஞ்சுலயே ஒக்காந்திருக்கு, வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு.”

எந்தக் கிராணி என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. எந்தக் கிராணியாக இருந்தால் என்ன என்றார் பஞ்சாலை. அறையில் உட்காரவே எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்துகொண்டே அதையேதான் அவர் திலகாவுக்கும் செய்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கே அது தெரிந்திருந்தது, அதனால்தான் வந்திருந்தார்.

விழாவை நிறுத்த வழியில்லை. ஒரு திட்டம் போட்டோம். என் நேர்மையைப் பற்றி என் மனைவிக்கும் கழகத் தலைவருக்கும் நல்ல அபிப்பிராயம் உண்டு, அவர்கள் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது. சனிக்கிழமை முனியாண்டியுடன் அவர் தம்பி இருப்பார். நான் சிரம்பானிலிருந்து தனலெட்சுமியை என் காரில் ஏற்றிக்கொண்டு நேராக நீலாய்க்குப் போவேன். அவர் பரிசை வாங்கிக்கொண்டு வருவார். திலகா அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. திங்கட்கிழமை முதல் ஆள்மாற்று கிடையாது. அப்போது திலகாவுக்கு என்ன வழி என்று பஞ்சாலை கேட்டார். அடுத்த திட்டத்தில் என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பட்டுப்புடவை கட்டிய தனலெட்சுமியோடு சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நான் போய் நின்றேன். வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே வந்தார், நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்ததில் நீலாய் திருப்பத்தைத் தவறவிட்டு விமான நிலையம்வரை போய்த் திரும்பினோம். அதனால் தாமதம். உள்ளே விழா தொடங்கிவிட்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் ஆட்கள் எல்லாரும் வலைத்தொப்பியும் மாஸ்க்குமாக வரிசையிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறவாரியத்துக்காரர் கேமராவோடு முன்னால் நின்றார். பஞ்சாலை முதல் வரிசையில்.

புவான் ரொஹானா ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்.

கூட்டத்தின் நடுவே கைதட்டலும் சிரிப்பும் எழுந்தன. நாலைந்து பெண்கள் ஒரு வெள்ளை அங்கியை எழுப்பி, முதுகில் கை வைத்துத் தள்ளி, மேடைக்கு அனுப்பினார்கள். அது திலகா. வரக் கூடாது என்று சொல்லியும் காலையில் கடைசி ஆளாக வந்து வேன் ஏறியிருக்கிறாள். ஓட்டுநருக்கு அவளைத் தெரியும் என்பதால் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பெரட்டு எடுக்கப் பஞ்சாலை இல்லை, அவர் வேறு பேருந்தில் நீலாய்க்குக் கிளம்பியிருந்தார். பிறகு கேட்டபோது திலகா சொன்ன காரணம் என்னால் மறுக்க முடியாதது. ஒரு நாளும் லீவு போடாததற்குப் பரிசு, அந்தப் பரிசு வாங்கும் நாளில் லீவு விழுந்தால் என்ன ஆவது?

இந்தப் பக்கம் தனலெட்சுமி, கூப்பிட்டது தன் பெயர் என்பதால், என் கையை உதறிவிட்டுப் பட்டுப்புடவை சரசரக்க மேடைக்கு ஓடினார். கூட்டத்துக்கு நடுவே நிற்பது திலகா என்று அவருக்கு அப்போது தெரியாது. இரண்டு பேரும் டிவி பெட்டிக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அறவாரியத்துக்காரர் படம் எடுத்துவிட்டார்.

யார் தனலெட்சுமி என்று புவான் ரொஹானா கேட்டார்.

திலகா மாஸ்க்கை இறக்கிவிட்டுத் தனலெட்சுமியைக் காட்டினாள். தனலெட்சுமி அதே நொடியில் திலகாவைக் காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள், கையை இறக்கவும் இல்லை.

பஞ்சாலை எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறி, நடுவில் நின்று, தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை. முனியாண்டியின் நோய், மூன்று நாள், மூன்று நாள், ஒரே அட்டை, ஏற்பாடு செய்தது தான், இந்த இரண்டு பேரும் தான் சொன்னதைக் கேட்டதைத் தவிர வேறு தப்புச் செய்யவில்லை என்றார். கடைசியில், நான்கு நாள் தானும் வந்ததாக, யாரும் கேட்காமலேயே, சேர்த்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து மாவு வரிசை மேற்பார்வையாளர் காக் மிலா, அதாவது மிலா அக்கா, எழுந்தார். வயதானவர், ரெம்பாவ் பக்கத்துக்காரர். தனக்கு இரண்டாவது வாரமே தெரியும் என்றார். கறிபாப் ஓரத்தை மடிக்கும்போது தனலெட்சுமியின் மடிப்பு வலப்பக்கம் சாயும். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அதே மேசையில் மடிப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஏனென்றால் திலகாவுக்கு இடதுகைப் பழக்கம். இரண்டு மடிப்பும் நல்ல மடிப்பு, எண்ணெயில் பிரியாது, அதனால் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாள் வந்த மடிப்பு மாட்டுக்கயிறு மாதிரி இருந்தது, அந்த நாட்களில் மடித்த கறிபாப் எல்லாம் கடைகளில் வெடித்து நான்கு பெட்டி திரும்பி வந்தது, அது யாருடைய கை என்று தான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். கூடம் சிரித்தது. பஞ்சாலைக்கு அன்றைக்கு வந்த ஒரே அவமானம் அதுதான்.

புவான் ரொஹானா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பஞ்சாலையும் அதைத்தான் எதிர்பார்த்தார், கண்ணாலேயே அப்படிச் சொல்லச் சொன்னார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தெரியும் என்றேன். பதினாறு பேர் வேலை கேட்டார்கள், வேனில் பதினைந்து இருக்கை என்று ஒரு பெயரை அடித்தது நான், அந்தப் பெயர்தான் ஒரு வருஷமாக உங்களிடம் வேலை செய்கிறது, இரண்டு பேருக்கும் அவரவர் பெயரில் ஒரு அட்டை வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை கடிதமாகக் கொடுங்கள், அதுவரை இரண்டு பேரும் உள்ளே வரக் கூடாது என்றார் அவர். ஒழுங்காகப் பார்த்தால் இருவரையும் நீக்க வேண்டும், வேனையும் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். டிவி, ஒரே ஒரு நாள் லீவு எடுத்திருந்த காவலாளிக்குப் போயிற்று. பஞ்சாலைக்கு அந்தக் காவலாளிமேல் இன்றும் கோபம்.

நான் எழுதும் கடிதங்கள் மூன்று பக்கத்துக்குக் குறைவாக இருந்ததில்லை. அந்தக் கடிதம் ஆறு வரி. பஞ்சாலை பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார். திலகா பேரை ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி, அப்பா பேரோடு முழுசாகப் போடுங்கள் என்றார். போட்டேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தனலெட்சுமியும் திலகாவும் வீட்டில் இருந்தார்கள். பதினைந்து இருக்கையில் ஒன்று காலியாகப் போய்வந்தது. பஞ்சாலை என்னிடம் சண்டை போடவில்லை. எனக்கு மாத்திரை வேலை செய்யவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பதில் வந்தது. ஒரு வேலை, இரண்டு பெயர், ஆளுக்கு மூன்று நாள், இரண்டு அட்டை. இன்னொரு தடவை அட்டை கைமாறினால் வேன் நிற்கும். கடைசி வரியில், கழகத்தின் களப்பணியாளர் இனி மாவு வரிசைப் பக்கம் வரக் கூடாது என்று காக் மிலா சார்பில் ஒரு வேண்டுகோள்.

வியாழக்கிழமை விடியுமுன்னே நான் பாலத்துத் தோட்டத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. புது அட்டையை முந்தின நாளே காக் மிலா வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். திலகா கோயில் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் படம், அடியில் தன் பெயர்.

பஞ்சாலை நோட்டை விரித்துப் பெரட்டைத் தொடங்கினார். பதினான்கு பெயருக்கும் பதினான்கு ‘இருக்கேன்’ வந்தது.

“திலகா.”

பதில் இல்லை. திலகா அட்டையிலிருந்து தலையெடுக்கவில்லை. ஒரு வருஷமாக இந்த வரிசையில் அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை, தனலெட்சுமி என்றால்தான் அவளுக்குக் காது திரும்பும்.

“திலகா.”

வேன் படிக்கட்டில் ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தரம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் சட்டம் தெரியும். பஞ்சாலை பென்சிலை நோட்டின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அடுத்த பெயர் என்று எதுவும் இல்லை, நோட்டை மூட வேண்டியதுதான். அவர் மூடவில்லை. மூன்றாவது தரம் அவர் கூப்பிட்ட குரலை நான் அதுவரை கேட்டதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல் அது.

“ஒன்னத்தான் புள்ள கூப்புடுறேன். திலகா.”

திலகா நிமிர்ந்தாள். யாரையோ தேடுகிறவள் மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, “இருக்கேன்,” என்றாள்.

பஞ்சாலை குறி போட்டார்.